வயலுக்குள்ளே வழி உண்டு!

இங்கிலாந்தில் யாரோ ஒருவருடைய கோதுமை வயலுக்குள் நீங்கள் பாட்டுக்கு நடந்து போகலாம். 'யார்றா அது?' என்று தடியோடு யாரும் ஓடிவர மாட்டார்கள். பொதுவழி என்று பதிவான நடைபாதை, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சேர்த்து சுமார் 1,40,000 மைல்! வயலுக்குக் குறுக்கே போகும் பாதையை உழுதால், 14 நாளுக்குள் சரிபண்ணித் தரவேண்டும். 1990-ல் வந்த சட்டம்.

ஆபீஸ் வேலையாக கேம்பிரிட்ஜ் போன நானும் ரூம்மேட்டும் (மன்னார்குடி விவசாயி மகன்) ஞாயிறுதோறும் நடந்தோம். செலவில்லாத பொழுதுபோக்கு வேறு ஏது?

ஒரு வயலில் பச்சைக்கு நடுவே அங்கங்கே சொட்டை. "விதைக்கிற மெஷின் மக்கர் பண்ணிருச்சு போல" என்றான் நண்பன். வேலியோரம் நின்ற விவசாயி சிரித்தார். வேண்டுமென்றே விட்டதாம். வானம்பாடிக்காக!

விஷயம் இதுதான். முன்பு வசந்தத்தில் விதைப்பார்கள். இப்போது பெரும்பாலும் இலையுதிர் காலத்திலேயே விதைத்துவிடுவதால், மே மாதத்துக்குள் பயிர் அடர்ந்துவிடுகிறது. தரையில் கூடு கட்டும் வானம்பாடி அடுத்த ஈட்டுக்கு எங்கே இறங்கும்? 1970-களில் இருந்ததில் பாதிக்கு மேல் காலி. அதனால்தான் ஹெக்டேருக்கு இரண்டு சொட்டை. ஒவ்வொன்றும் குறைந்தது 16 சதுர மீட்டர். டிராக்டர் தடத்தை ஒட்டி மட்டும் விடக்கூடாது. நரிக்கு அது ராஜபாட்டை!

ஆர்.எஸ்.பி.பி. என்ற பறவைகள் சங்கம் 1999-ல் அதே கேம்பிரிட்ஜ்ஷயரில் ஒரு பண்ணையையே வாங்கி இதைச் செய்து பார்த்தது. சில வருடங்களில் வானம்பாடிகள் மூன்று மடங்கு!

"நடக்கிறவர்களால் தொல்லை இல்லையா?" என்று கேட்டேன்.

"மனுஷன் பாதையில போறான். அவனோட நாய் போகமாட்டேங்குதே!" என்கிற அர்த்தத்தில் அலுத்துக்கொண்டார். கயிற்றில் பிடித்துப் போனால் போதும், கூடு தப்பிக்கும். அதற்குத்தான் ஆள் இல்லை.

நடுவயலில் புல் மண்டிய மேடு ஒன்றையும் காட்டினார். இரண்டு மீட்டர் அகலம். குளிர்காலத்தில் வண்டுகள் அதில் பதுங்கி, வசந்தத்தில் வயலுக்குள் இறங்கி அசுவினிப் பூச்சியைத் தின்னுமாம்.

நண்பன் திகைத்து நின்றான். "டேய், இது வரப்புடா! எங்கப்பா போன வருஷம்தான் நாலு நாத்து கூட நடலாம்னு பாதி வரப்பைச் சீவித் தள்ளினார்."

அன்று ராத்திரியே ஊருக்குப் போன் போட்டான். "அப்பா, மிச்ச வரப்புல கை வைக்காதீங்க. புல்லு இருக்கட்டும்..."

மறுமுனையில் அவர் கேட்டது எனக்கே கேட்டது:

"ஏண்டா, வரப்பைக் காட்டவா உன்னை பிளேன் ஏத்தி அனுப்பிச்சாங்க?"