பார்பெல் ஸ்குவாட்

பார்பெல் ஸ்குவாட் என்பது எடைத்தட்டுகள் பொருத்திய இரும்புத் தண்டை மேல்முதுகில் தாங்கியபடி உட்கார்ந்து எழும் உடற்பயிற்சி ஆகும். தண்டாலும் பஸ்கியும் பழகியவர்களுக்கு இதன் அசைவு புதிதல்ல. தொடையின் முன்பக்கத் தசைகள், உள்தொடைத் தசைகள், பிட்டத் தசைகள் ஆகியவை இதில் முதன்மையாக உழைக்கின்றன. வயிற்றுத் தசைகளும் முதுகெலும்பை ஒட்டிய தசைகளும் உடற்பகுதியை விறைப்பாகப் பிடித்து வைக்கின்றன. வலுதூக்கும் போட்டியின் மூன்று பிரிவுகளில் இதுவே முதலாவது. மற்றவை பெஞ்ச் பிரஸ், டெட்லிஃப்ட்.

செய்முறை

தண்டு வைக்கும் தாங்கி மார்பு உயரத்தில் இருக்க வேண்டும். நுனிக்காலில் எம்பி எடுக்கும் உயரம் ஆபத்தானது. தலையைக் குனிந்து பிடரியைத் தடவினால் துருத்திய எலும்பு ஒன்று தட்டுப்படும். தண்டு அதன்மேல் படாமல், அதற்குக் கீழுள்ள சதையில் அமர வேண்டும். தோள்பட்டைகளைப் பின்னுக்கு இழுத்தால் அந்தச் சதை திரண்டு மெத்தைபோல் ஆகிவிடும்.

தண்டை எடுத்தபின் இரண்டு மூன்று அடி பின்வாங்கினால் போதும். பாதங்கள் ஏறத்தாழத் தோளகலத்தில், விரல்நுனிகள் சற்று வெளிப்புறம் திரும்பியிருக்கட்டும். மூச்சை உள்ளிழுத்து, யாரோ வயிற்றில் குத்த வருவதுபோல் வயிற்றை இறுக்கிக்கொண்டு, இடுப்பையும் முழங்காலையும் ஒருசேர மடக்கி இறங்க வேண்டும். முழங்கால்கள் பாதம் நோக்கும் திசையிலேயே செல்ல வேண்டும், உட்புறம் சாயக்கூடாது. குதிகால் தரையை விட்டு எழக்கூடாது. எழும்போது மார்பும் இடுப்பும் சேர்ந்தே உயர வேண்டும். இடுப்பு முந்திக்கொண்டால் சுமை கீழ்முதுகில் விழும்.

எவ்வளவு தாழ்வாக இறங்குவது? பன்னாட்டு வலுதூக்கல் கூட்டமைப்பின் விதிப்படி, இடுப்பு மூட்டருகே தொடையின் மேற்பரப்பு முழங்காலின் உச்சிக்குக் கீழே செல்ல வேண்டும். இது போட்டிக்கான அளவு. மற்றவர்கள் கீழ்முதுகு கூன் விழாமல் எவ்வளவு இறங்க முடியுமோ அவ்வளவு இறங்கினால் போதும்.

முழங்கால் பற்றிய அச்சம்

ஆழமாக உட்கார்ந்தால் முழங்கால் தசைநார்கள் தளரும் என்று டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் கார்ல் கிளைன் 1961-இல் எழுதினார். அந்த அச்சம் உலகெங்கும் பரவியது. பின்வந்த ஆய்வுகள், நலமான முழங்கால் உடையவர்களிடம் அதை உறுதிப்படுத்தவில்லை.

முழங்கால் கால்விரலைத் தாண்டவே கூடாது என்பது இன்றும் பல கூடங்களில் சொல்லப்படும் இன்னொரு விதி. 2003-இல் வெளியான ஓர் ஆய்வில், முழங்காலுக்கு முன்னே பலகை வைத்துத் தடுத்துப் பார்த்தனர். முழங்காலில் திருப்பு விசை சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. இடுப்பிலோ பத்து மடங்குக்கும் மேல் கூடியது. அதாவது, முழங்காலைக் காப்பதாக எண்ணிச் சுமையை இடுப்புக்கும் முதுகுக்கும் தள்ளிவிடுகிறோம். குதிகால் தரையில் இருக்கும்வரை முழங்கால் சற்று முன்னே செல்வது பிழையல்ல.

நம் பிள்ளைகளுக்கு உட்கார்ந்து எழுவதன்மேல் வெறுப்பு வர வேறொரு காரணமும் உண்டு. ஆசிரியர்களாகிய நாங்கள் தோப்புக்கரணத்தைத் தண்டனையாக்கி வைத்திருந்தோம்!

எடையும் பாதுகாப்பும்

ஆண்களுக்கான போட்டித் தண்டின் எடை மட்டுமே 20 கிலோ. புதிதாகத் தொடங்குபவருக்கு அதுவே சுமைதான். முதலில் வெறும் உடலோடு, பிறகு ஒரு துடைப்பக் கழியைத் தோளில் வைத்து, அதன்பின் தட்டில்லாத தண்டோடு பழகுவது நல்லது. முன்னால் உள்ள கண்ணாடியில் முதுகின் வளைவு தெரியாது. பக்கவாட்டில் கைபேசியை வைத்துப் படம்பிடித்தால் தெரியும். கணுக்கால் மடங்காமல் குதிகால் எழுபவர்கள், தற்காலிகமாகக் குதிகாலுக்கு அடியில் மெல்லிய தட்டு வைத்துக்கொள்ளலாம்.

மூச்சை அடக்கிப் பளு தூக்கும்போது இரத்த அழுத்தம் வெகுவாக உயரும். ஆகவே உயர் இரத்த அழுத்தம், இதய நோய், குடலிறக்கம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடங்கக் கூடாது. தனியாகச் செய்பவர்கள் தாங்கிக் கூண்டின் பாதுகாப்புக் கம்பிகளை, தாம் இறங்கும் ஆழத்துக்குச் சற்றுக் கீழே பொருத்திக்கொள்ள வேண்டும். எழ முடியாமல் போனால் தண்டு அக்கம்பிகளில் அமரும். அடியிலிருந்து வெளியே வந்துவிடலாம்.