மவுண்ட் வெர்னான்: தன்னார்வப் பெண்கள் மீட்ட குடும்ப வீடு

அமெரிக்காவின் முதல் குடியரசுத் தலைவர் ஜார்ஜ் வாஷிங்டனின் குடும்பம் வாழ்ந்த இவ்வீடு, 1850களில் பொட்டோமக் ஆற்றைப் பார்த்த தாழ்வாரமே சரியும் அளவுக்குச் சிதைந்திருந்தது. அதை வாங்கிக் காக்க மத்திய அரசும் வர்ஜீனியா மாநில அரசும் முன்வராத நிலையில், தென் கரோலினாவைச் சேர்ந்த ஆன் பமீலா கன்னிங்காம் 1853-இல் தொடங்கிய பெண்கள் சங்கம், மாநிலத்துக்கு ஒரு துணைத் தலைவி என்னும் அமைப்பின் வழியே நன்கொடை திரட்டி, 1858-இல் வீட்டையும் சுமார் 200 ஏக்கர் நிலத்தையும் 2 லட்சம் டாலருக்கு வாங்க ஒப்பந்தம் செய்தது. வாக்குரிமையற்ற பெண்கள், உள்நாட்டுப் போர் நெருங்கிய ஆண்டுகளில் இதைச் செய்து முடித்தனர் என்பது பெரும் சாதனையாகும்.

கல்லால் கட்டியது போலத் தோன்றும் வெளிச்சுவர் உண்மையில் பைன் மரப்பலகையே ஆகும். பலகையின் விளிம்புகளைச் சரிவாகச் செதுக்கி, ஈர வண்ணப்பூச்சின் மீது மணலைத் தூவிக் கல்லின் சொரசொரப்பைக் கொண்டுவரும் ‘ரஸ்டிகேஷன்’ முறையில் அமைந்த இச்சுவர், மரம் ஈரத்தில் உளுத்துப்போகும் என்பதால் ஓயாத பராமரிப்பைக் கோருகிறது.

இவ்வீட்டைத் தம் உழைப்பால் தாங்கிய, அடிமைப்படுத்தப்பட்ட மக்களின் இடுகாட்டில் சங்கம் நினைவுக்கல் நட்டது 1929-இல்தான். பாதுகாப்பின் வரலாற்றில் இத்தாமதமும் பதிவாக வேண்டியதே. வீடு இன்றும் அதே சங்கத்தின் உடைமையாக, தன்னார்வலர்களின் துணையுடன் பேணப்படுகிறது.