கிராஷ் ஆன வேர்ட் திரும்பத் திறக்க மாட்டேங்குதா? அன்இன்ஸ்டால் பண்றதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

ப்ராஜெக்ட் ரிப்போர்ட் சப்மிட் பண்ண நாளைக்குக் கடைசி நாள். அறுபதாவது பக்கத்தில் ஒரு படத்தை பேஸ்ட் பண்றீங்க. ஸ்கிரீன் வெளுத்துப்போய், 'நாட் ரெஸ்பாண்டிங்' என்று காட்டிவிட்டு வேர்ட் தானாகவே மூடிக்கொள்கிறது. சரி, திரும்பத் திறக்கலாம் என்று ஐகானை டபுள் கிளிக் செய்தால், நீல நிறத்தில் ஒரு பெட்டி எட்டிப் பார்த்துவிட்டு மறைந்துவிடுகிறது. எத்தனை முறை தட்டினாலும் அதே கதை!

இந்தப் பதற்றத்தில் பலரும் செய்வது இரண்டு விஷயங்கள். ஒன்று, வேர்டை அன்இன்ஸ்டால் செய்வது. இன்னொன்று, ஏதாவது ஒரு 'க்ளீனர்' சாஃப்ட்வேரை ஓடவிட்டு டெம்ப் ஃபைல்களை அழிப்பது. இரண்டுமே இப்போதைக்கு வேண்டாம். சாஃப்ட்வேரை எப்போ வேணும்னாலும் திரும்ப இன்ஸ்டால் பண்ணிக்கலாம். ஆனா, சேவ் ஆகாத உங்க கடைசி சில பக்கங்கள் தற்காலிக ஃபைலாக எங்கேயாவது ஒளிந்திருந்தால், அதை நீங்களே அழித்தது போலாகிவிடும்.

ஏன் திறக்க மாட்டேங்குது?

ஒரு அப்ளிகேஷனை நாம் முறையாக மூடும்போது, அது சில வேலைகளை முடித்துவிட்டுத்தான் போகும். செட்டிங்ஸை எழுதி வைக்கும், தற்காலிக ஃபைல்களை அழிக்கும், 'இந்த ஃபைலை நான் பயன்படுத்துறேன்' என்று போட்ட பூட்டை எடுக்கும். கிராஷ் ஆகும்போது இதற்கெல்லாம் நேரம் கிடைப்பதில்லை. கணக்கு முடிக்காம, ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு ஓடிப்போன கடை மாதிரி எல்லாம் அப்படியே கிடக்கும். மறுபடி திறக்கும்போது அந்த மிச்சம் மீதியில் ஏதோ ஒன்றுதான் வழியை மறிக்கிறது. அது எது என்பதை வரிசையாகத் தேடினால் போதும்.

1. மறைந்திருக்கும் வேர்டை நிறுத்துங்க

ஸ்கிரீனில் வேர்ட் மறைந்தாலும், பின்னணியில் ஓடிக்கொண்டே இருக்கலாம். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் 'மைக்ரோசாஃப்ட் வேர்ட்' இருந்தால் கிளிக் செய்து 'எண்ட் டாஸ்க்' கொடுங்க. ஒரு எச்சரிக்கை: வேர்டின் விண்டோ இன்னும் கண் முன்னே உறைந்து நிற்கிறது என்றால், சில நிமிடங்கள் பொறுத்துப் பாருங்க. படங்கள் நிறைய உள்ள பெரிய ஃபைல் என்றால், தானாகவே மீண்டு வரவும் வாய்ப்பு உண்டு.

அப்படியும் சரியாகவில்லை என்றால் கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் பண்ணுங்க. ஷட் டவுன் செய்து ஆன் பண்றது வேற. விண்டோஸ் 10, 11-ல் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' ஆனில் இருந்தால், ஷட் டவுன் செய்யும்போது சிஸ்டத்தின் ஒரு பகுதியை டிஸ்கில் சேமித்து வைத்து, அதையே திரும்ப எடுக்கும். ரீஸ்டார்ட்தான் எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்கும்.

2. முதல்ல ஃபைல், அப்புறம்தான் வேர்ட்

வேர்ட் வழக்கமாக 10 நிமிடத்துக்கு ஒரு முறை 'ஆட்டோ ரெகவர்' ஃபைல் ஒன்றை எழுதி வைக்கும். அதைத் தேட, விண்டோஸ் கீயையும் 'ஆர்' கீயையும் சேர்த்து அழுத்துங்க. வரும் பெட்டியில் சதவிகிதக் குறி, 'ஆப்டேட்டா' என்ற சொல், மறுபடி சதவிகிதக் குறி என்று இடைவெளி இல்லாமல் ஆங்கிலத்தில் டைப் செய்து என்டர் தட்டுங்க. திறக்கும் ஃபோல்டரில் மைக்ரோசாஃப்ட், அதற்குள் வேர்ட். 'ஏ.எஸ்.டி' என முடியும் ஃபைல்கள் இருக்கிறதா பாருங்க. இருந்தால், அவற்றையும் உங்க ஒரிஜினல் ஃபைலையும் பென் டிரைவிலோ வேறு ஃபோல்டரிலோ காப்பி செய்துவிடுங்க. இனிமே என்ன சோதனை செய்தாலும் பயமில்லை.

3. பூட்டு ஃபைல் கிடக்கா?

வேர்ட் திறந்திருக்கும் ஒவ்வொரு ஃபைலுக்கும் பக்கத்தில், ~$ என்ற குறிகளோடு தொடங்கும் ஒரு குட்டி ஃபைல் மறைவாக உருவாகும். அதுதான் பூட்டு. கிராஷுக்குப் பிறகு இது அழியாமல் கிடந்தால், 'வேறொருவர் இந்த ஃபைலைப் பயன்படுத்துகிறார்' என்ற மெசேஜ் வரும். அந்த வேறொருவர் வேற யாருமில்லை, நீங்களேதான்! ஃபோல்டரில் 'வியூ', 'ஷோ' சென்று 'ஹிட்டன் ஐட்டம்ஸ்' டிக் செய்தால் அது தெரியும். வேர்ட் எங்கும் ஓடவில்லை என்று உறுதி செய்துகொண்டு அந்தக் குட்டி ஃபைலை மட்டும் டெலீட் பண்ணுங்க.

4. பிரச்னை வேர்டிலா, ஃபைலிலா?

நேரத்தை மிச்சப்படுத்தும் கேள்வி இதுதான். ஃபைலைத் தொடாமல், ஸ்டார்ட் மெனுவில் இருந்து வேர்டை மட்டும் திறந்து பாருங்க.

வேர்ட் நல்லபடியாகத் திறந்து, உங்க ஃபைலைத் தொட்டால் மட்டும் விழுகிறது என்றால், பிரச்னை ஃபைலில். இடது பக்கம் 'டாக்குமென்ட் ரெகவரி' பட்டியல் வந்தால் அதில் நேரத்தைப் பார்த்துக் கடைசிப் பதிப்பைத் திறந்து, வேறு பெயரில் சேவ் செய்யுங்க. பட்டியல் வரவில்லையா? ஃபைல், ஓப்பன், பிரவுஸ் போய் ஃபைலைத் தேர்வு செய்து, 'ஓப்பன்' பட்டன் பக்கத்தில் உள்ள அம்புக்குறியைத் தட்டினால் 'ஓப்பன் அண்ட் ரிப்பேர்' இருக்கும். அதுவும் கைகொடுக்கலைன்னா, காப்பி செய்த ஃபைலை கூகுள் டிரைவில் ஏற்றி, போனிலேயே கூகுள் டாக்ஸில் திறந்து பாருங்க. வேர்ட் திறக்க மறுக்கும் ஃபைலை வேறொரு ஆப் சில நேரம் திறந்துவிடும்.

இன்னொரு ரகசியமும் இருக்கு. 'டாக்எக்ஸ்' ஃபைல் என்பது உண்மையில் ஒரு ஜிப் ஃபைல். காப்பியின் பெயர் முடிவில் இருக்கும் 'டாக்எக்ஸ்' என்பதை 'ஜிப்' என்று மாற்றித் திறந்தால், 'வேர்ட்' ஃபோல்டருக்குள் 'மீடியா' என்ற ஃபோல்டரில் நீங்க சேர்த்த படங்கள் இருக்கும். எழுத்து போனாலும் படங்களாவது மிஞ்சும்.

5. வேர்டே திறக்கலைன்னா... சேஃப் மோடு

கன்ட்ரோல் கீயை அழுத்திப் பிடித்தபடியே வேர்ட் ஐகானைத் திறங்க. 'சேஃப் மோடில் திறக்கவா?' என்று கேட்கும். 'யெஸ்' கொடுங்க. இதில் ஆட்-இன் எனப்படும் துணைக் கருவிகள் எதுவும் இல்லாமல் வேர்ட் திறக்கும். இங்கே திறந்து, வழக்கமான முறையில் திறக்கவில்லை என்றால், வேர்ட் நல்லாத்தான் இருக்கு; அதோடு ஒட்டிக்கொண்ட ஏதோ ஒன்றுதான் வில்லன்.

ஃபைல், ஆப்ஷன்ஸ், ஆட்-இன்ஸ் போங்க. கீழே 'காம் ஆட்-இன்ஸ்' தேர்வு செய்து 'கோ' தட்டி, எல்லா டிக்கையும் எடுங்க. வேர்டை மூடி, வழக்கம்போலத் திறங்க. திறந்துவிட்டால், ஒவ்வொன்றாக டிக் போட்டுச் சோதித்தால் குற்றவாளி சிக்கிவிடும். பி.டி.எஃப் கருவிகளும் மேற்கோள் சேர்க்கும் கருவிகளும்தான் இந்தப் பட்டியலில் அதிகம் உட்கார்ந்திருக்கும். முதலில் அவற்றைச் சோதிங்க.

அப்பவும் சரியாகலையா? வேர்டை மூடிவிட்டு, அதே ஆப்டேட்டா வழியில் மைக்ரோசாஃப்ட், 'டெம்ப்ளேட்ஸ்' போனால் 'நார்மல்' என்ற ஃபைல் இருக்கும். உங்க ஃபான்ட், மேக்ரோ போன்ற செட்டிங்ஸ் எல்லாம் இதில்தான். டெலீட் பண்ணாதீங்க, பெயரை மட்டும் 'பழைய நார்மல்' என்று மாற்றுங்க. வேர்ட் அடுத்த முறை திறக்கும்போது புதிதாக ஒன்றைத் தானே உருவாக்கிக்கொள்ளும்.

6. கடைசியாக ரிப்பேர்

சேஃப் மோடிலும் திறக்கவில்லை என்றால்தான் ஆஃபீஸிலேயே கோளாறு என்று சந்தேகப்படணும். விண்டோஸ் 11-ல் செட்டிங்ஸ், ஆப்ஸ், இன்ஸ்டால்டு ஆப்ஸ் சென்று, ஆஃபீஸ் பக்கத்தில் உள்ள மூன்று புள்ளிகளைத் தட்டி 'மாடிஃபை' கொடுங்க. முதலில் 'க்விக் ரிப்பேர்'. பலனில்லை என்றால் 'ஆன்லைன் ரிப்பேர்'. இரண்டாவதுக்கு நல்ல இன்டர்நெட்டும் கொஞ்சம் பொறுமையும் வேணும்.

இதே வரிசை மற்ற ஆப்களுக்கும் பொருந்தும்: பின்னணி, பூட்டு, துணைக் கருவி, செட்டிங்ஸ், கடைசியாக ரீ-இன்ஸ்டால். ஃபயர்ஃபாக்ஸை ஷிஃப்ட் கீயை அழுத்தியபடி திறந்தால், அதற்கும் இப்படி ஒரு மோடு இருக்கு. ஃபோட்டோஷாப்பில் கன்ட்ரோல், ஆல்ட், ஷிஃப்ட் மூன்றையும் அழுத்தியபடி திறந்தால், செட்டிங்ஸை அழிக்கவா என்று கேட்கும்.

இந்த நம்பருக்குப் போன் பண்ணாதீங்க!

பதற்றத்தில் 'வேர்ட் ஹெல்ப்லைன்' என்று தேடி, முதலில் கண்ணில் படும் நம்பருக்கு அழைப்பது ஆபத்து. எதிரில் பேசுபவர், ரிமோட் ஆப் ஒன்றை இன்ஸ்டால் செய்யச் சொல்லி, ஓ.டி.பி-யோ பணமோ கேட்டால் உடனே கட் பண்ணுங்க. ஏற்கெனவே பணம் போயிருந்தால், தாமதிக்காமல் 1930 என்ற சைபர் க்ரைம் உதவி எண்ணில் புகார் கொடுங்க. எவ்வளவு சீக்கிரம் சொல்றீங்களோ, அந்தப் பணத்தைத் தடுத்து நிறுத்த அவ்வளவு வாய்ப்பு இருக்கு.

அடுத்த கிராஷுக்கு இன்னைக்கே தயாராகுங்க

ஃபைல், ஆப்ஷன்ஸ், சேவ் பகுதியில் ஆட்டோ ரெகவர் நேரத்தை 10-ல் இருந்து 2 நிமிடமாகக் குறைச்சிடுங்க. ஃபைலை ஒன்டிரைவில் வைத்து, மேலே இடது மூலையில் உள்ள 'ஆட்டோசேவ்' பட்டனை ஆன் செய்தால் (மைக்ரோசாஃப்ட் 365 இருந்தால்) டைப் செய்யச் செய்யவே சேவ் ஆகும். ஃபோனில் எடுத்த பெரிய போட்டோக்களை அப்படியே ஒட்டாமல், அளவைக் குறைத்துச் சேர்த்தால் வேர்டுக்கும் பாரம் குறையும். இது எதுவுமே முடியலைன்னாலும், ஒவ்வொரு பத்தி முடிந்ததும் கன்ட்ரோல் எஸ் தட்டுற பழக்கம் ஒண்ணு போதும். அதுக்கு ஒரு செகண்ட்கூட ஆகாது!