ரத்தம் உறையாதவர் ஓடியாடலாமா?

ஹீமோபிலியா உள்ளவர்களுக்கு ரத்தம் உறையத் தேவையான 8 அல்லது 9ஆம் காரணி குறைவு. வெளிக்காயத்தைவிட மூட்டுக்குள் கசியும் ரத்தமே பெரும் தொல்லை. முழங்கால், கணுக்கால், முழங்கை வீங்கும்; அடிக்கடி கசிந்தால் குருத்தெலும்பு அரிக்கப்படும்.

அப்படியென்றால் அசையாமல் இருப்பதுதானே பாதுகாப்பு? இல்லை.

அசையாத தசை மெலியும். தசைபலம் இல்லாத மூட்டு எளிதில் பிசகி மறுபடி கசியும். இந்தச் சுழலை உடைப்பவர் பிசியோதெரபிஸ்ட். கசிவு நிற்கும்வரை ஓய்வு. பிறகு, முழங்காலை மடக்காமலே தொடைத்தசையை இறுக்கித் தளர்த்தும் பயிற்சி. வலி குறையக் குறைய மடக்கி நீட்டுதல், ஒற்றைக்காலில் நின்று பழகுதல். மூட்டுக்குப் பாரம் தராத நீச்சல் நல்லது; குத்துச்சண்டை கூடாது. குறைவான காரணியை ஈடுசெய்யும் ஊசி போட்டவுடன் பயிற்சி செய்வது பாதுகாப்பு.

பிரிட்டன் சைக்கிள் வீரர் அலெக்ஸ் டௌசெட்டுக்குக் கடுமையான ஹீமோபிலியா. சிறுவயதில் நீச்சல் பழகியவர், 2015 மே மாதம் மான்செஸ்டரில் ஒரு மணி நேரத்தில் 52.937 கிலோமீட்டர் ஓட்டி உலக சாதனை படைத்தார்.