ஒன்றரைக் கட்டையில் ஓர் இரும்புச் சத்தம்

நாற்பது ஐம்பது வருடம் ஓடிய எந்த ஹெவி மெட்டல் குழுவை எடுத்தாலும் அதன் ரசிகர்களில் இரண்டு கட்சி இருக்கும். "பழைய சத்தம் போயே போச்சு" என்பது ஒரு கட்சி. "எல்லா ஆல்பமும் ஒரே மாதிரிதானே இருக்கு" என்பது இன்னொன்று. பர்மிங்ஹாம் நகரத்து பிளாக் சபாத் குழுவை வைத்துப் பார்த்தால் இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அவர்கள் காது கொடுப்பது வேறு வேறு இடங்களுக்கு.

முதல் ஆல்பம் 1970இல் வந்தது; கடைசி ஸ்டுடியோ ஆல்பமான '13' வந்தது 2013இல். நடுவே பாடகர்கள் பலர் வந்து போனார்கள். அத்தனை ஸ்டுடியோ ஆல்பங்களிலும் வாசித்தவர் கிதார் கலைஞர் டோனி அயோமி ஒருவர்தான்.

அவருடைய கதை விரலில் தொடங்குகிறது. 17 வயதில், உலோகத் தகடு தொழிற்சாலையில் வேலையை விடும் கடைசி நாளில், வலது கையின் நடுவிரல், மோதிர விரல் இரண்டின் நுனியும் இயந்திரத்தில் போயின. அவர் இடது கைக்காரர். தந்தியை அழுத்துவது அந்த வலது கைதான். பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்தார், அதன் மேல் தோலை ஒட்டினார், மெல்லிய தந்திகளைத் தேடிப் போட்டார். 1971இல் 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி' ஆல்பத்தின் பல பாடல்களுக்கு கிதாரின் சுருதியையே இறக்கினார். நம் கச்சேரிக் கணக்கில் சொன்னால், அடித்தந்தி மூன்று கட்டையிலிருந்து ஒன்றரைக் கட்டைக்கு வந்தது.

அதிர்வெண் 82 ஹெர்ட்ஸிலிருந்து 69க்கு இறங்குகிறது. பெரிய இறக்கமாகத் தெரியாது. ஆனால் அதிர்வெண்ணின் வர்க்கத்துக்கு ஏற்பத்தான் தந்தியின் இழுவிசை மாறும். ஆகவே அதே தந்தியில் இழுவிசை சுமார் 30 சதவீதம் குறைந்துவிடும். விரலுக்கு வலி குறைவு. தளர்ந்த தந்தியை ஓங்கி அடித்தால் சுரம் முதலில் கொஞ்சம் மேலே எழும்பி, பிறகு தன் இடத்துக்கு இறங்கும். அந்தத் தள்ளாட்டத்தைத்தான் காது 'கனம்' என்று எடுத்துக்கொள்கிறது.

அடுத்தது ஆம்ப்ளிஃபையர். அதன் தாங்கும் அளவை மீறி ஒலியை ஏற்றினால் அலையின் உச்சிகள் வெட்டுப்படும். அப்போது வாசிக்காத அதிர்வெண்களும் பிறக்கும். மெட்டல்காரர்கள் பெரும்பாலும் சட்ஜமும் பஞ்சமமும் மட்டும் சேர்த்து வாசிப்பதற்கு இதுதான் காரணம். 82 சட்ஜம் என்றால் பஞ்சமம் 123; இரண்டின் வித்தியாசமான 41ம் அப்படிப் பிறக்கும். அதாவது யாரும் தொடாத கீழ் சட்ஜம் ஒன்று தானாக ஒலிக்கிறது! நடுவில் காந்தாரத்தைச் சேர்த்தால், கிதாரின் சமப் பகுப்பில் அது சற்றுக் கூடுதலாக நிற்பதால், ஒலி குழம்பிப்போகும்.

இந்தக் கையும் இந்த வாசிப்பும் கடைசிவரை மாறவே இல்லை. "ஒரே மாதிரி" என்பவர்கள் கேட்பது இதை.

மாறியது குரல். 'அயர்ன் மேன்' பாடலில் முதல் பாடகர் ஆஸி ஆஸ்போர்ன் கிதாரின் மெட்டையே ஒட்டிப் பாடுவார். 1980இல் 'ஹெவன் அண்ட் ஹெல்' ஆல்பத்துக்கு வந்த ரோனி ஜேம்ஸ் டியோ அதற்குக் குறுக்கே தனி மெட்டு போட்டார். கிதார் பின்னால் நகர்ந்தது. குழுவே புதிதாகிவிட்டதாகத் தோன்றியது.

ஒலிப்பதிவும் மாறியது, சத்தம் போடாமல். முதல் ஆல்பத்தை ஏறத்தாழ ஒரே நாளில், மேடையில் வாசிப்பதுபோலவே வாசித்துப் பதிந்தார்கள். '13'ஐத் தயாரித்த ரிக் ரூபின் அந்த முதல் ஆல்பத்தின் மனநிலைக்குத் திரும்பச் சொன்னார். அவர்களும் திரும்பினார்கள். ஆனால் 2008இல் அவர் தயாரித்த மெட்டாலிகாவின் 'டெத் மேக்னெடிக்' ஆல்பத்துக்கு வந்த அதே புகார் இதற்கும் வந்தது: உச்சங்களை நசுக்கி, தணிந்த இடங்களை ஏற்றி, எல்லாவற்றையும் ஒரே உரப்பில் இறுக்கிவிட்டார்கள். மெதுவான பகுதியிலிருந்து திடீரென்று இடி விழும்போது வரும் அதிர்ச்சி இதில் மங்கிப்போகிறது.

என்னைக் கேட்டால், இதைவிடப் பெரிய இழப்பு டிரம்ஸ். பில் வார்ட் ஜாஸ் கேட்டு வளர்ந்தவர். அவருடைய தாளம் கிதாரின் மெட்டுக்குப் பின்னால் லேசாகச் சாய்ந்து ஊஞ்சலாடும். '13'இல் அவர் இல்லை. பதிலுக்கு வாசித்த பிராட் வில்க் தாளத்தில் பிசகவில்லை. ஆனால் அந்த ஆட்டம் வரவில்லை. 2025 ஜூலை 5 அன்று பர்மிங்ஹாம் வில்லா பார்க்கில் நடந்த விடைபெறும் கச்சேரிக்கு வார்ட் திரும்பி வந்தார். குழுவைத் தொடங்கிய நால்வரும் சேர்ந்து நான்கு பாடல்கள் வாசித்தார்கள். நான்குமே 1970இல் வந்தவை.