கேரளா சுடச் சொன்ன யானை, பட்டா கிடைக்காத வீடுகள்... தெப்பக்காட்டைச் சுற்றி ஓடும் எல்லைக்கோடு!

தெப்பக்காடு யானைகள் முகாமுக்கு வருகிறவர்கள் இப்போது முதலில் கேட்பது ரகு, பொம்மி என்ற இரண்டு பெயர்களைத்தான். பொம்மன் - பெள்ளி தம்பதியின் கதையைச் சொன்ன ‘தி எலிஃபன்ட் விஸ்பரர்ஸ்’ 2023-ல் ஆஸ்கர் வாங்கியதிலிருந்து இப்படித்தான். அந்த வருடமே பிரதமர் வந்தார், குடியரசுத் தலைவர் வந்தார். பெள்ளிக்கு முகாமில் அரசு வேலையும் கிடைத்தது. எல்லாம் நீங்கள் படித்திருப்பீர்கள்.

ஆனால், இதே முகாமில் 2024 அக்டோபர் வரை இன்னொரு யானை இருந்தது. பெயர் மூர்த்தி. தந்தமில்லாத ஆண் யானை, ‘மக்னா’ என்பார்கள். கேரளாவில் 20-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றதாகச் சொல்லப்பட்ட யானை அது. சுட்டுக்கொல்ல அங்கே உத்தரவு போட்டாகிவிட்டது. அது காட்டு வழியாக நடந்து கூடலூர் பக்கம் வந்துவிட்டது. அதாவது, தமிழ்நாட்டுக்கு. இங்கே அதைச் சுடவில்லை. 1998-ல் மயக்க ஊசி போட்டுப் பிடித்து, உடம்பு முழுக்க இருந்த காயங்களுக்கு மருந்து போட்டு ஆற்றினார்கள். சிகிச்சை கொடுத்தவர் வனக் கால்நடை மருத்துவர் வி.கிருஷ்ணமூர்த்தி. ஜெயமோகனின் ‘யானை டாக்டர்’ கதையைப் படித்தவர்களுக்கு அவரை நன்றாகத் தெரியும். அவர் பெயரையொட்டித்தான் யானைக்கு மூர்த்தி என்று பெயர் வைத்தார்கள். அதன் பிறகு 26 வருடம் முகாமில் சாதுவாக வாழ்ந்து, வயதாகித்தான் இறந்தது.

ஒரு எல்லைக்கோடு ஒரு யானையின் உயிரைக் காப்பாற்றியிருக்கிறது. அதே கோடு மனிதர்களுக்கு என்ன செய்தது என்று தேடினால், கதை கொஞ்சம் சிக்கலாகத்தான் இருக்கிறது.

முதலில் இடத்தைப் பார்த்துவிடலாம். கூடலூரிலிருந்து மைசூரு போகும் சாலையில் சுமார் 18 கி.மீ-ல் வருகிறது தெப்பக்காடு. இங்கிருந்து ஒரு சாலை மசினகுடிக்குப் பிரியும். நேராகப் போனால் சில கிலோமீட்டரில் கக்கநல்லா சோதனைச்சாவடி. அதைத் தாண்டினால் கர்நாடகா, பந்திப்பூர் காடு. மேற்கே முதுமலை முடிகிற இடத்தில் கேரளாவின் வயநாடு. மூன்று மாநிலக் காடுகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன.

முகாமை ஒட்டி ஓடுகிறதே, அதுதான் மாயாறு. முக்குருத்தி பக்கம் பிறந்து பைக்காராவாக இறங்கும் தண்ணீர்தான் இங்கே இந்தப் பெயரில் ஓடுகிறது. சில இடங்களில் தமிழ்நாட்டுக்கும் கர்நாடகாவுக்கும் இந்த ஆறேதான் எல்லை. கிழக்கே பெரிய பள்ளத்தாக்கில் விழுந்து, பவானிசாகர் அணைக்குப் போய்ச் சேர்கிறது. ஈரோட்டுக்காரர்கள் வயலுக்குப் பாயும் தண்ணீரில் தெப்பக்காட்டு யானைகள் குளித்த தண்ணீரும் உண்டு! கூடலூரைத் தாண்டி மேற்கே போனால் கதை தலைகீழ். அங்கே பாண்டியாறும் புன்னம்புழாவும் கேரளாவுக்குள் இறங்கி, சாலியாற்றில் கலந்து, பேப்பூரில் அரபிக்கடலுக்குப் போய்விடுகின்றன. மழையும் அப்படித்தான். தேவாலாவில் ஜூலையில் குடையை மடக்கவே முடியாது. அதே நாளில் மசினகுடியில் முள்ளுக்காட்டுப் புழுதி பறக்கும்.

இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை பந்திப்பூர் சாலை மூடப்படும். 2009-ல் வந்த தடை இது. விலங்குகள் வண்டியில் அடிபடாமல் இருக்கத்தான். ஆம்புலன்ஸுக்கும் சில பஸ்களுக்கும் மட்டும் விலக்கு உண்டு. மைசூருவிலிருந்து புறப்படும் எவரும் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேதான் வண்டி ஓட்ட வேண்டும்.

இனி கோட்டின் கதைக்கு வருவோம்.

கூடலூர், பந்தலூர் பகுதி ஒரு காலத்தில் நீலகிரியே கிடையாது. அது தென்கிழக்கு வயநாடு. மலபார் மாவட்டத்தைச் சேர்ந்தது. 1877-ல் பிரிட்டிஷ் நிர்வாகம் நம்பலக்கோடு, சேரங்கோடு, முனநாடு என்ற மூன்று அம்சங்களை மலபாரிலிருந்து எடுத்து நீலகிரியோடு சேர்த்தது. அன்றைக்கு அது ஒரே சென்னை மாகாணத்துக்குள் நடந்த சாதாரண அலுவலக மாற்றம். ஆனால், 1956-ல் மொழிவாரி மாநிலம் வந்தபோது மலபார் கேரளாவுக்குப் போனது. நீலகிரியில் இருந்ததால் கூடலூர் தமிழ்நாட்டில் தங்கியது. 79 வருடத்துக்கு முன் யாரோ போட்ட கையெழுத்து, ஒரு ஊர் எந்த மாநிலம் என்பதை முடிவு செய்துவிட்டது. பணியர், காட்டுநாயக்கர், குறும்பர், வயநாட்டுச் செட்டிமார் யாரும் வீடு மாறவில்லை. கோடுதான் அவர்களைத் தாண்டி நகர்ந்தது.

கோடு மாறிய இரண்டே வருடத்தில் தங்க ஆசை வந்தது. தேவாலா, பந்தலூர் பாறைகளில் தங்கம் கொட்டிக்கிடக்கிறது என்று 1879-ல் லண்டன் வரை பேச்சு. 40-க்கும் மேற்பட்ட கம்பெனிகள் பங்கு விற்றன. காட்டைக் குடைந்தார்கள், கிடைத்த தங்கம் செலவுக்கே காணவில்லை. சில வருடங்களில் எல்லாரும் மூட்டை கட்டிவிட்டார்கள். குடைந்த சுரங்கங்கள் மட்டும் இன்றும் காட்டுக்குள் இருக்கின்றன. திருட்டுத்தனமாக அதில் இறங்குகிறவர்கள் பற்றிய செய்தி இப்போதும் அவ்வப்போது வருகிறது.

தங்கம் போனது, தேயிலை நின்றது. தேயிலை நின்ற நிலம் யாருடையது? அங்கேதான் இன்றுவரை தலைவலி.

இந்த நிலத்தின் பெரும்பகுதி நிலம்பூர் கோவிலகத்தின் ‘ஜென்மம்’ சொத்து. எஸ்டேட்டுகள் அவர்களிடம் குத்தகைக்கு எடுத்திருந்தன. 1969-ல் தமிழக அரசு கூடலூர் ஜென்ம எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தது. சுமார் 80,000 ஏக்கர் சம்பந்தப்பட்ட விஷயம். காடுகளை அரசு எடுத்துக்கொள்வது செல்லாது என்று 1972-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 1974-ல் அரசியலமைப்பையே திருத்தி, இந்தச் சட்டத்தை நீதிமன்றம் தொட முடியாத 9-வது அட்டவணையில் வைத்தார்கள். ‘அப்படி வைத்தால் தொடவே முடியாதா?’ என்ற கேள்வி 9 நீதிபதிகள் கொண்ட அமர்வு வரை போனது. 1973-க்குப் பிறகு அந்த அட்டவணையில் சேர்த்த சட்டங்களையும் அரசியலமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பை வைத்து நீதிமன்றம் பரிசோதிக்கலாம் என்று 2007 ஜனவரி 11-ல் தீர்ப்பு வந்தது. இந்தியா முழுக்கச் சட்ட மாணவர்கள் படிக்கும் ஐ.ஆர்.கோயெலோ வழக்கு இதுதான். அதன் வேர் நம்ம கூடலூரில் இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது.

வழக்கு வரலாறானது. ஊரில் மிஞ்சியது ‘செக்‌ஷன் 17’. அந்தச் சட்டத்தில் குத்தகை நிலங்களைப் பற்றிப் பேசும் பிரிவு அது. கூடலூர் டீக்கடையில் இந்த வார்த்தைக்கு யாரும் விளக்கம் கேட்க மாட்டார்கள். இந்த நிலங்கள் எஸ்டேட்டுக்கா, வனத்துறைக்கா, பல வருடமாகக் குடியிருப்பவர்களுக்கா என்று முடிவாகாததால், அங்கே வீடு கட்டியவர்களுக்குப் பட்டா இல்லை. பட்டா இல்லாவிட்டால் பேங்க் லோன் கிடைக்காது. பல வருடங்களாக மின் இணைப்பும் மறுக்கப்பட்டது.

அந்த வீடுகளில் இருக்கிறவர்களில் கணிசமானோர் இன்னொரு எல்லையைத் தாண்டி வந்தவர்கள். 1964-ல் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானபோது, இலங்கை மலையகத் தமிழர்களில் 5.25 லட்சம் பேரை இந்தியா ஏற்பதாக முடிவானது. இரண்டு நாட்டுத் தலைவர்கள் பேசி முடித்த கணக்கு. கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவர்களை யாரும் கேட்கவில்லை. கப்பலேறி ராமேஸ்வரம் வந்து, மண்டபம் முகாம் வழியாக நீலகிரிக்கு ஏறினார்கள் பலர். அவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968-ல் அரசு தேயிலைத் தோட்டத் திட்டம் தொடங்கியது. அதுவே பிறகு டான்டீ ஆனது. சேரம்பாடி, சேரங்கோடு, நெல்லியாளம், பந்தலூர் என்று காட்டைத் திருத்தித் தோட்டம் போட்டார்கள். அந்த வேலையைச் செய்ததும் இவர்கள்தான்.

ஒரு விஷயத்தை இங்கே சொல்லியாக வேண்டும். தோட்டத்து லயம் என்பது வேலை இருக்கும் வரைதான் வீடு. ஓய்வு பெற்றால் காலி செய்ய வேண்டும். இலங்கையில் பிறந்து, 20 வயதில் இங்கே வந்து, 58 வயது வரை கொழுந்து பறித்த ஒரு அம்மாவுக்கு அதற்கப்புறம் போவதற்கு எந்த ஊர்? சிவகங்கையிலோ, புதுக்கோட்டையிலோ தாத்தா காலத்து ஊர்ப் பெயர் மட்டும் ஞாபகத்தில் இருக்கும். அங்கே யாரும் இருக்க மாட்டார்கள்.

அதனால் கையில் கிடைத்த பி.எஃப் பணத்தைப் போட்டு, பக்கத்திலேயே நாலைந்து சென்ட் வாங்கிக்கொண்டவர்கள் உண்டு. விற்றவர் ஒரு முத்திரைத்தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருப்பார். அந்த நிலமும் செக்‌ஷன் 17-ல்தான் வரும்.