கானோவின் கடலைப் பிரமிடுகள்

வடக்கு நைஜீரியாவின் கானோ நகரத்துப் பழைய புகைப்படங்களில் பிரமிடுகள் வரிசையாக நிற்கின்றன. கடலை மூட்டைகளை அடுக்கி எழுப்பியவை அவை; ஒவ்வொன்றிலும் சுமார் 15,000 மூட்டைகள். துறைமுகத்துக்குப் போகும் ரயிலுக்காகக் காத்திருந்த சரக்கு. 1960களில் கடலை ஏற்றுமதியில் நைஜீரியா உலகின் முன்வரிசையில் இருந்தது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் அந்தப் பிரமிடுகள் மறைந்தே போயின.

வறட்சி வந்தது, ரோசெட் என்ற நச்சுயிரி நோய் செடிகளை வாட்டியது. ஆனால் மழை திரும்பிய பிறகும் பழைய ஏற்றுமதி திரும்பவில்லை. தெற்கே, நைஜர் கழிமுகத்தின் ஒலோய்பிரியில் 1956இல் எண்ணெய் கிடைத்திருந்தது. அவ்வளவு தொலைவில் ஊறிய எண்ணெய், கானோவின் கடலைக் கொடியை எப்படித் தொட்டது?

பணத்தின் வழியாகத்தான். எண்ணெய் விற்ற டாலர் நாட்டுக்குள் கொட்டினால் உள்ளூர்ப் பணத்தின் மதிப்பு ஏறும். 1970களில் ஒரு நைரா ஒரு டாலரைவிட உயர்ந்து நின்றது. கேட்கப் பெருமைதான். ஆனால் வெளிநாட்டில் கடலை மூட்டைக்கு அதே டாலர். மாற்றினால் கைக்கு வருவது முன்பைவிடக் குறைந்த நைரா. கூலியோ ஏறிக்கொண்டே போகிறது, வெளிநாட்டுக் கோதுமை மலிவாக வந்து இறங்குகிறது. விவசாயியின் மகன் கலப்பையை விட்டுக் கட்டட வேலைக்குப் போனான். அதைச் சோம்பல் என்று சொல்ல எனக்கு மனம் வராது. அவன் போட்டது சரியான கணக்கு. 1959இல் எரிவாயு கண்ட நெதர்லாந்தின் தொழிற்சாலைகளும் இப்படியே நலிந்ததால், இதற்கு ‘டச்சு நோய்’ என்று 1977இல் பெயர் வந்தது.

நார்வே செய்த வைத்தியம் வியப்பானது. எண்ணெய் வருமானத்துக்கென 1990இல் சட்டம் போட்டு ஒரு நிதியம் அமைத்தது. அதன் முதலீடுகள் எல்லாம் வெளிநாட்டில்தான். டாலர் உள்ளே வந்து நார்வே நாணயமான குரோனாக மாறினால்தானே குரோனின் மதிப்பு வீங்கும்? ஆண்டுதோறும் எடுத்துச் செலவிடுவதற்கும் 2001இல் 4 சதவீதம் என வரம்பு கட்டினார்கள், பிறகு 3 ஆக்கினார்கள். மீன் விற்பவரும் கப்பல் கட்டுபவரும் தாக்குப்பிடிக்க அது உதவியது.

நைஜீரியாவுக்கு அந்த அவகாசம் வாய்க்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். உள்நாட்டுப் போர் 1970இல் முடிந்த சில ஆண்டுகளிலேயே எண்ணெய் விலை எகிறியது. இத்தகைய நிதியத்துக்கு அங்கே சட்டம் வந்தது 2011இல். அதற்குள் கடலையை நம்பியிருந்த பல ஆலைகள் மூடிவிட்டன. விதை, கொள்முதல், ஆலை, ரயில் நான்கும் ஒருசேரத் திரும்பினால்தான் ஒரு மூட்டை கானோவிலிருந்து கப்பலேறும்.